இரட்டைப் பல்ஸ் லேசர்: பாயான் லெப்பாஸ் பட்டறையிலிருந்து

உலோகத்தில் துளை போடும் இரட்டைப் பல்ஸ் லேசர் மெஷின், அதாவது நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு ஒளித் துடிப்புகளைச் (பல்ஸ்) சேர்த்து அடிக்கும் மெஷின், பினாங்கில் எங்கள் பட்டறைக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் எழுதுகிறேன்.

பழைய மெஷினில் மில்லி விநாடி நீளப் பல்ஸ் மட்டும்தான். துளை சட்டென்று விழும், ஆனால் உருகியது வெளியேறாமல் சுவரிலேயே உறையும். அப்புறம் ஒருவர் உட்கார்ந்து பிசிறு தேய்க்க வேண்டும். நானோ விநாடிப் பல்ஸ் மட்டும் என்றால் வேலை சுத்தம், ஆனால் ஆமை வேகம்.

இதில் இரண்டும் ஒரே புள்ளியில் விழுகின்றன. நீளப் பல்ஸ் உருக்குகிறது. அது ஓய்வதற்குள் குட்டைப் பல்ஸ் மேல்பரப்பை ஆவியாக்க, ஆவி கிளம்பும்போது உண்டாகும் எதிர் அழுத்தம் உருகியதைத் துளைக்கு வெளியே எற்றிவிடுகிறது. முழுவதையும் ஆவியாக்குவதைவிட உருக்கித் தள்ளுவதற்குச் சக்தி பல மடங்கு குறைவு. லாபம் அங்கேதான். செம்பில் இது இன்னும் நன்றாகத் தெரியும். பளபளக்கும் செம்பு இந்த லேசரின் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். 1085 டிகிரியில் உருகியபின் கூடுதலாக உள்வாங்கும்.

விற்பவர்கள் வாட் கணக்கைத்தான் காட்டுவார்கள். அதை விடுங்கள், இரண்டு பல்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எவ்வளவு நுணுக்கமாக மாற்றலாம் என்று கேளுங்கள். குட்டைப் பல்ஸ் முந்தினால் உருகல் தயாராக இருக்காது, பிந்தினால் உறைந்திருக்கும். சரியாக இருந்தால் படபடவென்று வெடிக்கும் சத்தம். எங்கள் தம்பி ஒருவன் திரையைப் பார்ப்பதே இல்லை. "அண்ணே, சத்தம் மந்தமாயிடுச்சு" என்பான், போய்ப் பார்த்தால் இடைவெளி நகர்ந்திருக்கும்.

குறை இல்லாமலா? உருகல் தெறிப்பதால் லென்ஸுக்கு முன்னால் உள்ள காப்புக் கண்ணாடி சீக்கிரம் புள்ளி புள்ளியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் அந்தப் புள்ளியே சூடேறிக் கண்ணாடி வெடிக்கும். அப்புறம் நம் ஊர் ஈரக்காற்று. இரவு ஏர்கானை அணைத்துவிட்டு, லேசரைக் குளிர்விக்கும் தண்ணீர் மெஷினை (சில்லர்) 22 டிகிரியிலேயே ஓடவிட்டால் காலையில் லேசர் தலைக்குள் வியர்த்திருக்கும். இதை எங்களுக்கு விற்றவர் மூச்சுகூட விடவில்லை.

தடித்த ஸ்டீல், செம்பில் ஆழத் துளை போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். மெல்லிய தகட்டில் எழுத்து பொறிப்பதுதான் பிழைப்பு என்றால் சாதாரண ஃபைபர் லேசரே போதும். மிச்சக் காசில் நல்ல புகை உறிஞ்சி ஒன்று வாங்கிப் போடுங்கள்.