குடிநோய்க்குத் தொலைதூர மறுவாழ்வு இல்லமா, பக்கத்து அரசு மருத்துவமனையா?

என் அக்காவின் கணவர் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். அத்தானின் குடி கை நடுக்கம் வரை வந்தபோது குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "கண்காணாத ஊரில் மாசக்கணக்கில் வைத்தால்தான் தம்பி அடங்குவார்" என்றார் பெரியப்பா. மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டாம் என்றேன் நான். கடைசியில் என் பக்கமே தீர்ந்தது. ஆகவே இதை நடுநிலை அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஊர். 2011 கணக்கெடுப்பில் மன்னார்குடி நகராட்சியின் மக்கள்தொகை 66,999. ஆயிரம் ஆண்களுக்கு 1,033 பெண்கள். தெருவில் வீடுவீடாகப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்: ஒருவர் துபாயில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில். குடிப்பவர் பெரும்பாலும் ஆண். அவரை மருத்துவரிடம் கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகச் சொல்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யோசித்தால், வயல் வேலையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு தூரம் அலைய முடியும் என்பதே முதல் கேள்வியாகிறது.

செலவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் பஸ் கட்டணமும் சாப்பாடும்தான். தனியார் இல்லங்களில் மாதக் கட்டணம் கேட்கிறார்கள், சிலர் முன்பணமும் கேட்கிறார்கள். கட்டில், கழிப்பறை, சாப்பாடு என்று பார்த்தால் நல்ல இல்லங்களே மேல்.

முதல் வாரம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே வைத்தியம்தான். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு எதிர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையொட்டிய நாள்களில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவதும், ஆள் தெரியாமல் பிதற்றுவதும், காய்ச்சலும் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. இதைத் தணிக்க டயசிபாம் வகை மாத்திரைகளை அதிக அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு லோராசிபாம். கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி. எங்கள் பக்கத்தில் குடித்துக் களைத்தவருக்கு முதலில் குளுக்கோஸ் ஏற்றிவிடும் பழக்கம் உண்டு. தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். நாங்கள் போய்ப் பார்த்த ஓர் இல்லத்தில் மருத்துவர் வாரத்துக்கு இருமுறை வருவார் என்றார்கள். இரவில் வலிப்பு வந்தால்? "பழகிய பையன்கள் இருக்கிறார்கள் சார்" என்று பதில் வந்தது. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. எல்லா இல்லமும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் முதல் வாரத்தை வைத்து நான் அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பிந்தைய வருடத்தை வைத்துத்தான். போதைநோயில் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப விழுகிறவர்கள் 40 முதல் 60 விழுக்காடு வரை என்று அமெரிக்காவின் தேசிய போதைப் பயன்பாட்டு ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை விட்டுவிட்டு மீண்டும் சீர்கெடுகிறவர்களின் அளவும் ஏறக்குறைய அதேதான் என்று அவர்களே ஒப்பிடுகிறார்கள். அப்படியானால் இதை ஒரு மாதத்தில் முடியும் காரியமாக எண்ணி இடம் தேடுவது சரிவராது. மூன்றாம் மாதம் அறுவடை முடிந்து வயல்காரர் பாட்டில் வாங்கித் தருகிற சாயங்காலத்தில், மறுநாளே போய் உட்காரக்கூடிய மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மருந்துகளும் அதையே சொல்கின்றன. ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் தினமும் ஒரு வேளை. கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அகாம்ப்ரோசேட் மூன்று வேளை. டைசல்பிராம் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரலாம். அதை எதிரில் நின்று கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா கொடுத்தாள், அத்தான் சம்மதித்து வாங்கிக்கொண்டார். பஸ் நிலையச் சுவரில் 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று ஒட்டியிருக்கிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள். தெரியாமல் டைசல்பிராம் தின்றவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் போட்டால், இதயநோய் உள்ளவராக இருந்தால் உயிரே போகலாம். மாத்திரை தீரும்போது மறுபடி பார்க்க வேண்டும், அளவு மாற்ற வேண்டும், இரத்தம் எடுக்க வேண்டும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இல்லத்துக்கு இதற்கெல்லாம் யார் போவார்கள்? முதல் தடவை போவார்கள். பிறகு நடவு வரும், கல்யாணம் வரும், போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்று ஆகும், அப்புறம் அதுவும் நிற்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, எங்கள் மாவட்டத்து மஞ்சக்குடியிலேயே குடிநோய் முகாம் நடத்தியது. நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்லாமல் சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆள் சேர்த்தார்கள். குடும்பத்தாரும் உடன் வந்தார்கள். முகாம் முடிந்த பிறகும் தேடிப்போய்ப் பார்ப்பது திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. குடித்த ஊரிலேயே குடிக்காமல் இருக்கப் பழக வேண்டும் என்கிற கணக்கு அது. எனக்கு அது சரியாகப் படுகிறது.

இல்லத்துக்குச் சாதகமான பெரிய விஷயம் மறைவு. மன்னார்குடியில் மனநலப் பிரிவின் வரிசையில் நின்றால், ராஜகோபாலசாமி கோயில் மதிலைச் சுற்றி வருவதற்குள் செய்தி வந்துவிடும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அத்தானுக்கு அந்தக் கூச்சம் இருந்தது. திருவாரூர் போனதில் பாதி தீர்ந்தது, மீதியை இயந்திரத்தில் கூட வேலைசெய்யும் பையன்களே தீர்த்துவிட்டார்கள், அவர்களுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் இன்னொருவரும் குடிக்கிறார், மாத்திரை கொடுக்க ஆளில்லை, வெளிநோயாளியாகப் பலமுறை முயன்று பார்த்தாயிற்று என்றால் தங்கும் இல்லமே சரி. அப்போதும் ஊருக்குத் திரும்பியபின் யாரிடம் தொடர்வது என்று சேர்க்கும் நாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இல்லத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநில மனநல ஆணையத்தின் பதிவைக் காட்டச் சொல்ல வேண்டும். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சம்மதமில்லாமல் சேர்க்கத் தனி நிபந்தனைகளும் நாள் வரம்பும் உண்டு. உள்ளே இருப்பவருக்குப் பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் உரிமை உண்டு. "முதல் மாதம் பேசவே முடியாது" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

இதெல்லாம் மதுவைப் பற்றி. ஹெராயின், வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போடுவது போன்றவற்றில் எங்கள் வீட்டுக்கு அனுபவமில்லை, அங்கே கணக்கும் வேறு. அந்தப் பழக்கத்தில் சில வாரம் விலகி இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அதனால் புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்தைத் தொடர்ந்து கொடுக்கிற இடமா என்பதை முதலில் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு 14446 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416.

அத்தானைப் பொறுத்தவரை சம்பா அறுவடை தொடங்குவதற்கு முன்பே சேர்த்தோம். இல்லமாக இருந்திருந்தால் அந்தப் பருவத்து வருமானம் முழுவதும் போயிருக்கும், அவரும் வந்திருக்கமாட்டார். இடையில் ஒருமுறை குடித்தார். அந்த வாரமே மருத்துவரிடம் போனார், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அக்கா கேட்பதெல்லாம் அடுத்த தேதி வியாழனா வெள்ளியா என்பதுதான்.