ஏப்ரம்ஸ் குளோஸரி: தேடுவதற்காக வாங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும்

பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்த முதல் வருடமே யாராவது ஒரு சீனியர் சொல்லிவிடுவார், "ஏப்ரம்ஸ் வாங்கிடு" என்று. எம். எச். ஏப்ரம்ஸின் 'எ குளோஸரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்' என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ஆசிரியர் பெயரே புத்தகத்தின் பெயராகிவிட்டது. இலக்கியக் கலைச்சொற்களை விளக்கும் புத்தகம் இது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், ஆங்கில இலக்கியத் தொகுப்பான நார்ட்டன் ஆந்தாலஜியைத் தொடங்கி நடத்தியவரும் இவர்தான். குளோஸரியின் முதல் பதிப்பு 1957இல் வந்தது, 2015இல் நூறைத் தாண்டிய வயதில் அவர் இறக்கும்வரை அது பதிப்பு பதிப்பாகப் பெருத்துக்கொண்டே போனது.

வாங்கிய பலரும் இதைப் படிப்பதில்லை, செமஸ்டருக்கு முந்தின ராத்திரி எடுத்துத் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் சரிப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினெக்டகி என்றால் என்ன என்று எஸ் எழுத்தில் போய்ப் பார்த்தால் விளக்கம் இருக்காது, 'ஃபிகரேட்டிவ் லாங்குவேஜ்' என்ற கட்டுரையைப் பார் என்று அனுப்பிவிடும். அங்கே போனால் சிமிலி (உவமை), மெட்டாஃபர் (உருவகம்), மெட்டானமி, சினெக்டகி, பெர்சானிஃபிகேஷன் (ஆளல்லாததை ஆளாக்கிப் பேசுவது) எல்லாம் ஒரே கட்டுரைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இரண்டு வரியில் டெஃபனிஷன் வேண்டும் என்று வந்தவருக்கு இது பெரிய தொல்லை. ஆனால் புத்தகத்தின் உயிரே அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது, ஏனென்றால் மெட்டானமி என்ன என்பது பக்கத்தில் சினெக்டகி இருக்கும்போதுதான் விளங்கும். அரசரைச் சொல்லக் கிரீடம் என்றால் மெட்டானமி, அவரோடு சேர்த்தே நாம் நினைக்கிற ஒரு பொருள் அவருக்காக நிற்கிறது. பத்துத் தொழிலாளர்களைப் பத்துக் கைகள் என்றால் சினெக்டகி, ஆளின் ஒரு பகுதியே முழு ஆளுக்காக நிற்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் படித்தவர் பரீட்சையில் மாற்றி எழுத மாட்டார்.

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இந்த விஷயம் முதலில் அறிமுகமாவது ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில். மெட்டாஃபர் என்பது மறைந்து நிற்கும் சிமிலி என்று அது சொல்லிக்கொடுத்ததை நாமும் எம்.ஏ. வரை சுமந்துகொண்டு வருகிறோம். ஏப்ரம்ஸ் அந்த இடத்தில் விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வருகிறார், 1936இல் அவர் கொண்டுவந்த டெனர், வெஹிக்கிள் என்ற பிரிப்போடு. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது டெனர், எதைக் கொண்டு பேசுகிறோமோ அது வெஹிக்கிள். ஒரு நாணல் புயலில் ஒடிந்தது என்று ஒரு கவிஞர் எழுதி, அந்த நாணல் யார் என்று கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டால் டெனர் வெளியே தெரியவில்லை என்று அர்த்தம். 'போல' என்ற சொல்லை எடுத்துவிட்டால் மெட்டாஃபர் என்று படித்தவர்கள் இந்த மாதிரி வரியின் முன்னால் திணறுவார்கள், எடுப்பதற்கு அங்கே 'போல'வும் இல்லை, ஒப்பிடப்படும் ஆளும் இல்லை. மேசையின் கால் மாதிரி நாம் உருவகம் என்றே மறந்துபோன செத்த மெட்டாஃபர்களுக்கும் அதே கட்டுரையில் இடம் உண்டு.

இன்னொரு விஷயம், அப்பாஸ்ட்ரஃபி. முன்னால் இல்லாத ஆளையோ, செத்துப்போனவரையோ, ஒரு பொருளையோ நேரில் நிற்பதுபோல அழைத்துப் பேசுவது. ரென் அண்ட் மார்ட்டின் அதைப் பெர்சானிஃபிகேஷனின் ஒரு வகை என்று சொல்லி ஒப்புமை அடிப்படையிலான அணிகளோடு சேர்த்துவிட்டது. செத்துப்போன கவிஞரை "மில்டனே, நீ இப்போது இருந்திருக்க வேண்டும்" என்று வேர்ட்ஸ்வொர்த் கூப்பிடும்போது அதில் என்ன ஒப்புமை இருக்கிறது? ஏப்ரம்ஸ் அதை 'ரெட்டரிக்கல் ஃபிகர்ஸ்' கட்டுரையில் வைக்கிறார். சொல்லின் பொருளே மாறினால் ட்ரோப், பொருள் அப்படியே இருந்து சொற்களை அமைக்கும் விதத்தில் விளைவு வந்தால் ரெட்டரிக்கல் ஃபிகர், இதுதான் அவர் போடும் கோடு. லிட்டரரி டிவைஸ், ரெட்டரிக்கல் டிவைஸ் இரண்டும் ஒன்றா வேறா என்று குழம்புகிறவர்களுக்கு இந்த ஒரு கோடு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். மீதிப் பாதி தீராது, எல்லைக்கோட்டில் நிற்கும் உத்திகள் எப்போதும் உண்டு.

என்னைக் கேட்டால் புத்தகத்திலேயே சிறந்த கட்டுரை ஐரனி. நம் கைடுகளில் ஐரனி என்றால் சொல்வதற்கு நேர்மாறாக நினைப்பது என்று ஒரு வரி இருக்கும், அது சொல்லளவில் நடக்கும் வெர்பல் ஐரனிக்கு மட்டும்தான், அதற்கும் முழுசாகப் பொருந்தாது. ஏப்ரம்ஸ் அங்கிருந்து, படைப்பு முழுக்க ஓடும் ஸ்ட்ரக்சுரல் ஐரனிக்கு நகர்கிறார். 1729இல் ஸ்விஃப்ட் எழுதிய 'எ மாடஸ்ட் புரோபோசல்' என்ற நையாண்டிக் கட்டுரைதான் உதாரணம். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று ஒருவர் கணக்கெல்லாம் போட்டு நிதானமாகப் பேசுகிறார். பேசுகிறவருக்குத் தான் சொல்வதில் எந்தச் சந்தேகமும் இல்லை, ஐரனி ஸ்விஃப்ட்டுக்கும் நமக்கும் நடுவில் நடக்கிறது. டிராமாட்டிக் ஐரனி வேறு, கிரேக்க நாடகத்தில் ஈடிபஸ் தேடுகிற குற்றவாளி அவனேதான் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும், அவனுக்குத் தெரியாது. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று கேட்டுக்கொண்டே போனால் இந்த வகைகள் தானாகப் பிரிந்துவிடும், மனப்பாடமே வேண்டாம்.

சரி, குறைகள். மொழி கடினம். ஒரே வாக்கியத்துக்குள் வரையறை, வரலாறு, விதிவிலக்கு மூன்றையும் அடைத்துவிடுகிறார், தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வருகிறவருக்கு முதல் மாதம் கண்டிப்பாகக் கஷ்டம்தான். உதாரணங்களில் போப்பும் மில்டனும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒரே சொல்லை இரண்டு விஷயங்களுக்குப் பூட்டும் ஸூக்மாவுக்குப் போப்பின் 'தி ரேப் ஆஃப் தி லாக்' வரி, பெலிண்டா தன் மானத்தைக் கறைப்படுத்திக்கொள்வாளோ புதுச் சரிகை உடையைக் கறைப்படுத்திக்கொள்வாளோ என்று ஒரே வினை இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது, பிரமாதம். ஆனால் அந்தக் கவிதையையே படிக்காதவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாது. பயிற்சிக் கேள்விகளும் இல்லை.

அப்புறம், சொல்லமைப்பு அணிகள், அதாவது மேலே சொன்ன ரெட்டரிக்கல் ஃபிகர்ஸ், இதில் ஒரு கைப்பிடிதான். பேச்சுகளை அலசுகிறவர்களுக்கு இது போதாது. அதற்கு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் கிடியன் பர்ட்டன் உருவாக்கிய 'சில்வா ரெட்டரிக்கே' என்ற இலவச இணையதளம் இருக்கிறது. ஈதாஸ், பேத்தாஸ், லோகாஸ் (பேசுகிறவரின் நம்பகம், உணர்ச்சி, தர்க்கம்) மாதிரிப் பெரிய கருத்துகள் மரங்கள், தனித்தனி அணிகள் பூக்கள் என்று காடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தோற்றம் பழசு, உள்ளே கிரேக்க, லத்தீன் பெயர்கள் கொட்டிக்கிடக்கும், எல்லாவற்றையும் படிக்கப் புறப்பட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பள்ளியில் அணி இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. நன்னூலில் ஆகுபெயர் படித்த மூளைக்கு மெட்டானமி புதிதே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கப் போகாதீர்கள். மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வராதே என்று கைகாட்டுவதாகச் சிலம்பில் வரும் தற்குறிப்பேற்ற அணியைக் காட்டி, இதுதான் இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றும் பேத்தடிக் ஃபேலசி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில விமர்சகர் ரஸ்கின் 1856இல் அந்தப் பெயரை வைத்ததே குறை சொல்வதற்காக, கடல் நுரையைக் கொடூரமானது என்று எழுதுவது உணர்ச்சியில் தடுமாறிய மனம் செய்கிற பிழை என்பது அவர் கட்சி. இளங்கோவை அந்தக் கணக்கில் சேர்த்தால் நியாயமில்லை.

புதிய பதிப்புதான் வேண்டுமா என்றால், தியரிக்கு ஆம். எட்டாம் பதிப்பிலிருந்து ஜெஃப்ரி கால்ட் ஹார்ப்பமும் சேர்ந்துகொண்டார், விமர்சனக் கோட்பாடுகளைப் பற்றிய பகுதிகளை நெட், டிஆர்பி தேர்வுகள் எழுதுகிறவர்கள் புதிதில் படிப்பதே நல்லது. வெறும் அணிகளுக்கும் யாப்புக்கும் ஏழாம் பதிப்பு தாராளமாகப் போதும், திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் தேடிப்பாருங்கள். ஆன்லைனில் பாதி விலைக்குப் புத்தம் புதிதாக வருவது பெரும்பாலும் ஜெராக்ஸ் பிரதி, பின்னால் உள்ள இன்டெக்ஸ் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போடுங்கள், அது இல்லாமல் இந்தப் புத்தகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.