சக்க மரத்து நெழலுக்கு கோரை வாங்குன நர்சரி

எங்க வீட்டுப் பொறத்தால ஒரு பெரிய சக்க மரமும் (பலா) ரெண்டு அயினி மரமும் நிக்குது, அதுக்கு கீழ வெயிலே விழாது, பாத்திரம் கழுவுற தண்ணியும் அந்தப் பக்கந்தான் போவும், எப்பவும் ஈரமாவே கெடக்கும். புல்லு ரெண்டு தடவ பதிச்சு ரெண்டு தடவயும் அழுகிப்போச்சு. பொறவு நெழல்ல வளர்ற கோரைன்னு படிச்சிட்டு ஆன்லைன்ல கேரெக்ஸ் எவர்கோல்டு மூணு தொட்டி வரவழைச்சேன், இலைக்கு நடுவுல வெளிர்மஞ்ச வரி ஓடும், அவ்வளவு அழகு. பங்குனி தாண்டல, மூணும் நடுக்குருத்துல இருந்து அழுகிட்டு. அது ஜப்பான் காட்டுச் செடி, நம்ம ஊரு ராத்திரிப் புழுக்கம் அதுக்கு ஆவாதுன்னு அப்பதான் புரிஞ்சிது. விக்கிறவிய ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

அந்த வெசனத்தோடதான் திருவட்டார்ல இருந்து குலசேகரம் போற ரோட்டுல உள்ள இந்தச் சின்ன நர்சரிக்குப் போனேன். அங்க உள்ள அக்கா செடிய காட்டுறதுக்கு முன்னாடி கேட்டது, "எத்தர மணிக்கூர் வெயில் விழும் மக்ளே, தண்ணி நிக்குமா ஓடுமா?" இத ஒரு நர்சரியிலயும் எங்கிட்ட கேட்டதில்ல.

அவிய தந்தது குடைக்கோரை, அம்பர்லா பாம்னு விக்கிறாவல்லா அதான். பனைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, தண்டுல கணுவே இருக்காது, கோரை சாதி. ஒரு கவர் 60 ரூபா. ஒரு குடைய அஞ்சு விரல் நீளத் தண்டோட வெட்டி, இலை நுனிய பாதி கத்தரிச்சி, தலகீழா தண்ணியில போடச் சொன்னாவ, மூணு வாரத்துல குடை நடுவுல இருந்து வேரும் குருத்தும் வந்திட்டு, இப்ப நாலு கவர் பதினோரு மூடு ஆயிருக்கு! ஆனா மரத்து மூட்டுல வைக்காத, சரிஞ்சிரும், ஓரத்துல வெளிச்சம் தட்டுற எடத்துல வையின்னு சொல்லித்தான் தந்தாவ. அடர்ந்த நெழலுக்கு எங்கிட்ட செடி இல்ல, உன் வெளையிலயே வெள்ள உருண்டப் பூ பூக்கிற குட்டிக் கோரை நிக்கும், மழையில மண்ணோட பேத்து வையின்னாவ. விக்கிற எடத்துல இப்படிச் சொல்ல மனசு வேணும். இடவப்பாதி மழையில பேத்து வச்சேன், சக்க எலய வாராம அப்படியே மக்க விட்டேன், இப்ப பச்சப் பாய் விரிச்ச மாதிரி கெடக்கு.

ஒரு பெரிய கொற உண்டு. கவர் மண்ணுல கோரக்கிழங்கு, களையா மொளைக்கிற வேற கோரையோட கிழங்கு, இருந்திருக்கு. நான் பாக்காம நட்டுட்டேன், ஒரு மாசத்துல ஊசி ஊசியா மொளச்சிட்டு, மம்பட்டிய வச்சி கொத்துனேன், அதுதான் தப்பு, ஒரே நூல்ல மணி கோத்த மாதிரி கிழங்கு கெடக்கும், நூல அறுத்தா ஒறங்குற கிழங்கெல்லாம் தனித்தனியா மொளைக்கும். ரெண்டு மாசம் கம்பியால தோண்டித் தோண்டி எடுத்தேன். அடுத்த தடவ போனப்ப அக்காகிட்ட சொன்னேன், மறுக்காம கேட்டுட்டு ரெண்டு கவர் சும்மா தந்தாவ, ஆனாலும் மண்ண சலிச்சி நெறைக்கணும் அவிய. நீங்க வாங்குனா கவர கிழிச்சி, மண்ண முழுசா உதறி, வேர கழுவிட்டு நடுங்க, கறுப்பு மணி மாதிரி ஒண்ணு கண்டாலும் விட்டுராதீங்க.

ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சி பதினொண்ணரைக்கு மேலதான் தொறப்பாவ. அங்க டவர் கெடைக்காது, ஜிபே நம்பிப் போகாதீங்க, சில்லறையா கொண்டு போங்க.