டிக்கெட் வாங்காமல் புதுச்சேரி: பல வருடம் சுற்றிக்காட்டிய அனுபவம்

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். லீவு விட்டால் பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது பல வருடமாக என் பொறுப்பு. படகுச் சவாரி, ரிசார்ட் என்று இங்கே காசு கரைய வழிகள் நிறைய உண்டு. ஆனால் ஊருக்குப் போன பிறகு போனில் அவர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது காசு வாங்காத இடங்களைப் பற்றித்தான். அவற்றில் எதற்கு எப்போது போனால் நன்றாக இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் இடத்தை விட நேரம்தான் முக்கியம்.

கடற்கரைச் சாலைக்கு எல்லாரும் சாயங்காலம் போகிறார்கள். நான் விடியற்காலை என்பேன். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். ஐந்தரைக்கெல்லாம் போய்விட்டால் சாலை முழுக்க நடப்பவர்களுடையது, சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து கிளம்பும். சனிக்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் குழந்தையின் கையை விட முடியாது. காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல் தூண்களைக் காலை வெயிலில் கிட்டே நின்று பாருங்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னமும் அதே நடையில் வந்துவிடும்.

இந்தக் கடற்கரையில் நீண்ட காலம் மணலே கிடையாது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துக்கொண்டு போனது, கருங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றினார்கள். "பீச்சுன்னு கூட்டிட்டு வந்து கல்லைக் காட்டுறியே" என்று சித்தப்பா என்னிடம் கேட்டிருக்கிறார். அப்புறம் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது, மணல் மெல்லச் சேர்ந்தது. என் பிள்ளைகள் கல்லில் உட்கார்ந்து கடல் பார்த்தவர்கள், தங்கை பிள்ளைகள் அங்கே மணல்வீடு கட்டுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: கற்களில் பாசி பிடித்திருக்கும், கால் வைத்தால் வழுக்கும். அந்தப் பக்கம் குளிக்க இறங்கவே கூடாது.

அங்கிருந்து நடந்தே அரவிந்தர் ஆசிரமம் போய்விடலாம். கட்டணம் இல்லை. செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே போட்டோ கூடாது, பேச்சும் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள், அதனால் கைக்குழந்தையோடு வருபவர்கள் முறை வைத்துக்கொண்டு போங்கள். பூக்களால் மூடிய சமாதியில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பக்கத்திலேயே மணக்குள விநாயகர். பல வருடம் வாசலில் நின்று ஆசீர்வதித்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்துபோனது. அந்த வாசலைக் கடக்கும்போது எனக்கு இன்னமும் மனசு கனக்கிறது. பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் இருக்கிறது, நிழலும் இருக்கிறது, கால் வலித்தால் உட்காரலாம்.

வருகிறவர்கள் மஞ்சள் சுவர், போகன்வில்லா என்று பிரெஞ்சுத் தெருக்களில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்தது அந்தத் தமிழ்த் தெருக்கள்தான். வைசியாள் வீதியில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். தெருப் பக்கம் மரத் தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, கதவுக்கு இருபுறமும் விளக்கு மாடம், அதில் எண்ணெய்க் கறுப்பு. ஒரு முறை அத்தை முட்டி வலியோடு ஒரு வாசலில் தயங்கி நின்றார். உள்ளிருந்து வந்த பெரியவர், "உட்காருங்கம்மா, திண்ணை கட்டினதே அதுக்குத்தானே" என்றார். அத்தைக்கு அது போதும், வேறெங்கும் போக வேண்டாம் என்றுவிட்டார். பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் இது. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இங்கே எழுதியவைதான். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீட்டையும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீட்டையும் விட்டுவிடாதீர்கள்.

அரிக்கமேடு எல்லாருக்கும் பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மரங்களும் இடிந்த செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவர்கள்கூடப் பிற்காலத்தவை. ஆனால் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மது ஜாடித் துண்டுகள் கிடைத்த மண் இது. அந்தக் காலத்தில் இங்கே கோத்து அணியும் மணிகள் செய்து கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் போனால் விரல் நகம் அளவு சிவப்புப் பானை ஓடுகள் மண்ணுக்கு மேலே தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், எடுத்துக்கொண்டு வராதீர்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், அங்கே கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆரோவில்லில் தங்க நிறக் கோளமாக நிற்கும் தியான மண்டபமான மாத்ரி மந்திரை வெளியிலிருந்து பார்க்க இலவச அனுமதிச் சீட்டு தருகிறார்கள். நல்ல நடை உண்டு, வயதானவர்களை யோசித்துக் கூட்டிப்போங்கள். ஞாயிறு என்றால் மகாத்மா காந்தி வீதிச் சந்தையை ஒரு சுற்று சுற்றலாம், அங்கே பர்ஸ் மூடியே இருக்கும் என்று உறுதி தர மாட்டேன்.

நாள் பார்த்து வர முடிந்தவர்கள் மாசி மகத்துக்கு வாருங்கள். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். எங்கள் தெருவிலிருந்தே மேளச் சத்தம் கேட்கும். அலையில் நனைந்த வேட்டியோடு தோளில் சாமியைச் சுமப்பவர்களைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஈடாக இங்கே கட்டணக் காட்சி எதுவும் எனக்குத் தெரியாது.

கால் நனைத்து விளையாட அகலமான மணல் வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கடலூர் போய்விடுங்கள், தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. பக்கத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-இல் ஆங்கிலேயர் வாங்கியது, சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746-லிருந்து சில வருடம் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே அதுதான். காலையிலேயே கிளம்பினால் திருவகீந்திரபுரம் தேவநாத சுவாமியையும் எதிரே சின்ன மலையில் ஹயக்ரீவரையும் சேவித்துவிட்டு வரலாம்.

சித்திரை, வைகாசியில் பகல் 11 முதல் 4 வரை இதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே இருந்தாக வேண்டுமென்றால் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் போய் உட்காருங்கள். நான் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போவேன்.