மாட்டுங்காவில் நாலு ஞாயிறு: போன் சுருக்கங்களுக்கு ஒரு வகுப்பு

என் கணவரின் மருத்துவக் காப்பீட்டில் வீட்டு முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. நிறுவனத்தின் சாட்டில் எழுதிக் கேட்டேன். "பி.ஓ.ஏ. அனுப்பவும், டி.ஏ.டி. 7 டபிள்யூ.டி." என்று பதில் வந்தது. அவருக்குக் கை நடுக்கம், கையெழுத்து நிற்காது. அதனால் அவர் சார்பில் நான் செய்வதற்குப் பவர் ஆஃப் அட்டர்னி கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். 500 ரூபாய் முத்திரைத்தாள், வக்கீல், நோட்டரி என்று அலைந்தேன். நடக்க முடியாதவரை டாக்ஸியில் ஏற்றி இறக்கினேன். பன்னிரண்டு நாள் போயிற்று. அவர்கள் கேட்டது ப்ரூஃப் ஆஃப் அட்ரஸ். மின்சார பில் ஒன்றை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

அந்த மனத்தாங்கல் ஆறாமல் இருந்த வாரத்தில்தான் மும்பை மாட்டுங்காவில் பூ வாங்கப் போன இடத்தில் ஒரு தமிழ் நோட்டீஸைப் பார்த்தேன். "போனில் வரும் சுருக்கங்கள்: பெரியவர்களுக்கு வகுப்பு." நாலு ஞாயிறு, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. கட்டணம் 800 ரூபாய். அதிலேயே ஒரு சிறு புத்தகமும் இடைவேளையில் ஃபில்டர் காபியும் அடக்கம். நான் இருப்பது சயானில், லோக்கலில் ஒரே ஸ்டேஷன். சேர்ந்துவிட்டேன். மொத்தம் பன்னிரண்டு பேர், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். சொல்லிக்கொடுத்தது மொழியியல் படித்த ஒரு சின்னப் பெண்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் இந்த வகுப்பை நான் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று புரியும். ஃபோர்ட்டில் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். 2013 ஜூலை 14, தந்திக்குக் கடைசி நாள். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலத்தில் ஜனங்கள் எப்படியெல்லாம் சொல்லைக் குறைப்பார்கள் என்பதைக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாழ்த்துத் தந்திக்கு எங்களிடம் எண் பட்டியல் உண்டு. தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண், பரீட்சையில் பாஸானதற்கு ஓர் எண். கம்பியில் போவது அந்த எண் மட்டும். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும் தாளில் முழு வாக்கியம் இருக்கும். சுருக்கம் ஆபீஸுக்கும் ஆபீஸுக்கும் நடுவில்தான். அதைப் பிரித்து எழுதும் பாரம் எங்களுடையது, வாங்குகிறவருடையது இல்லை. இன்று போனில் அந்தப் பாரம் முழுக்கப் படிப்பவர் தலையில் விழுந்திருக்கிறது. வகுப்பில் நான் தேடியது இதற்கு வழி இருக்கிறதா என்பதைத்தான்.

முதல் ஞாயிறே ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. ஓ.எம்.ஜி. என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். 1917 செப்டம்பர் 9 தேதியிட்ட கடிதத்தில் அது இருக்கிறது என்றார் அந்தப் பெண். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதியது. அந்த வரியைத் திரையில் காட்டினார். ஓ.எம்.ஜி. என்று எழுதிய கையோடு, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு 'ஓ மை காட்' என்று விரித்தும் எழுதியிருக்கிறார் மனிதர். சர்ச்சிலுக்கே விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011இல்தான் ஓ.எம்.ஜி.யையும் எல்.ஓ.எல்.லையும் சேர்த்துக்கொண்டதாம். அதில் எல்.ஓ.எல்.லுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு: லிட்டில் ஓல்ட் லேடி. சிரிப்பைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன்னால், 1960இலேயே வழங்கியது. ஒரே எழுத்து, வேறு வேறு பொருள். என் பி.ஓ.ஏ. கதையும் இதேதான்.

இரண்டாம் ஞாயிறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பேச்சு தமிழுக்கு வந்தது. வெறும் மெய்யெழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தட்டி 'சாப்டியா' என்று பேரப்பிள்ளைகள் கேட்பதை எப்படிப் படிப்பது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து பலகைக்குப் போனார். தாராவியில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். சாக்பீஸை வாங்கி ௸ என்று எழுதினார். மேற்படி. அடுத்து ௹, ரூபாய். ௶ பற்று, ௷ வரவு. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. கடைசி மூன்றும் எனக்குத் தெரியும். அப்பா எழுதும் கடிதங்களின் மேல் ஓரத்தில் இருக்கும், எங்கள் கல்யாணப் பத்திரிகையிலும் இருந்தது. ஆனால் அவை சுருக்கங்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சுருக்கம் என்றாலே ஆங்கிலம் என்று என் மனதில் பதிந்து கிடந்திருக்கிறது. அந்தப் பெண் சட்டென்று போனை எடுத்துத் தேடி, இந்தக் குறிகள் 2003இலேயே யூனிகோடில், அதாவது கணினிக்கும் போனுக்குமான பொது எழுத்துப் பட்டியலில், சேர்ந்துவிட்டன, போனிலும் காட்ட முடியும் என்று காண்பித்தார். பெரியவர் போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காபி ஆறிப்போயிற்று, யாரும் கவலைப்படவில்லை.

எஸ்.எம்.எஸ். கணக்கையும் அன்றுதான் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70. அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணிக்கையில் வரும். 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்தெழுத்து, அந்தக் கணக்கில் ஏழு. 'ஸ்ரீ' நாலு. தமிழர்கள் ஏன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டப் பழகினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். தந்திக் கவுண்டரில் சொல் எண்ணியவளுக்கு இது உடனே பிடிபட்டது.

மூன்றாம் வாரம் ஒருவர், தம்பி இறந்த செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டபோது நாற்பது பேர் ஆர்.ஐ.பி. என்ற மூன்று எழுத்தை மட்டும் போட்டார்கள் என்றார். ஒவ்வொரு முறை போன் மினுங்கும்போதும் யாரோ ஆறுதல் சொல்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்தாராம். அந்தப் பெண் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த எழுத்துகள் லத்தீன் வாசகத்திலிருந்து வந்தவை, 'அமைதியில் உறங்குக' என்ற பிரார்த்தனை, கல்லறைகளில் செதுக்குவது என்று விளக்கினார். சாவுக்கு மட்டும் எதையும் சுருக்காதீர்கள், 'ஆழ்ந்த இரங்கல்' என்று முழுதாக எழுதுங்கள் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே 800 ரூபாய் தகும்.

மீதி நேரம் ஆபீஸ் சுருக்கங்களுக்கு. ஈ.ஓ.டி. என்றால் இன்று வேலை முடிவதற்குள். டி.ஏ.டி. என்றால் ஒரு வேலை முடிய ஆகும் காலம். டபிள்யூ.டி. என்றால் வேலை நாள், ஞாயிறும் விடுமுறையும் சேராது. இங்கேதான் எனக்குக் குறை. புத்தகத்தில் ஒரு சுருக்கத்துக்கு ஒரு பொருள்தான் போட்டிருக்கிறார்கள். பி.ஓ.ஏ. பக்கத்தைத் திறந்தால் 'பவர் ஆஃப் அட்டர்னி' மட்டும்! எனக்குக் கோபமே வந்தது. டி.சி.க்கு 'டேக் கேர்' மட்டும். மும்பை ரயிலில் டி.சி. என்றால் டிக்கெட் கேட்பவர், பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ். எங்கே, யார் சொன்னது என்பதைப் பொறுத்துத்தானே பொருள்? எழுத்து வரிசையில் அடுக்குவதை விட்டு வங்கி, ஆஸ்பத்திரி, குடும்பம், ரயில் என்று இடவாரியாக அச்சடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குறித்துக்கொண்டார்.

கடைசி ஞாயிறு ஓ.டி.பி., யு.பி.ஐ., கே.ஒய்.சி. பெரும்பாலும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று இருந்தது. விளம்பரம், வங்கி எஸ்.எம்.எஸ்.களில் அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் வரும். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி நாம் செய்த பரிவர்த்தனை, ஜி அரசு. 2025இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறை. அப்புறம் அந்தப் பெண் எங்களுக்கு வைத்த பழக்கம் இது: விரிக்கத் தெரியாத சுருக்கம் வந்தால், 'இதன் முழு வடிவம் என்ன?' என்று அதே இடத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே காகிதமோ காசோ அனுப்புவது. இதைப் பன்னிரண்டு பேரையும் ஒருமுறை தட்டச்சு செய்ய வைத்தார். எனக்கு வேண்டிய வழி இதுதான்.

வகுப்பு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். போனே புதிது என்பவர்களுக்கு இது சரிப்படாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும். வேகம் பரவாயில்லை, மூன்றாம் வாரம் மட்டும் ஓட்டமாக ஓடிற்று. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. புத்தகம் திருந்தினால் ஐந்தும் கொடுப்பேன். அதுவரை ஒரு பென்சில் கொண்டுபோங்கள். கடைசியில் மூன்று பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள். என்னுடையதில் முதல் வரி: பி.ஓ.ஏ., காப்பீடு, முகவரிச் சான்று.