பேப்பர் போட்டுத் தரும் காந்திபுரம் கடை: திருத்தம் நன்று, மற்றது வேண்டாம்

கோவை காந்திபுரத்தில் புராஜெக்ட் சென்டர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர் வேண்டாம். 'ஸ்கோபஸ் பப்ளிகேஷன் செய்து தரப்படும்' என்ற பலகை போதும். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்; அதில் உள்ள இதழில் நம் பேப்பரை, அதாவது ஆய்வுக் கட்டுரையை, போட்டுத் தருகிறார்களாம். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என்னிடம் பிஎச்.டி. செய்யும் பையனின் சாயக்கழிவு நீர் பேப்பருக்கு ஆங்கிலம் திருத்தத்தான் போனோம்.

அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. பக்கத்துக்கு 80 ரூபாய். திருத்துகிற அம்மா ஒவ்வொரு மாற்றத்தையும் நாம் பார்க்கும்படி டிராக் சேஞ்சஸில் விட்டுத் தந்தார். அட்டவணையில் நீரின் மாசைக் காட்டும் சிஓடி அளவுக்கு அலகு விட்டுப்போயிருந்ததைக்கூட ஓரத்தில் குறித்திருந்தார்.

பில் போடுகிற இடத்தில்தான் கதையே வேறு. அங்கிருந்தவர் லேமினேட் செய்த அட்டை ஒன்றை நீட்டினார். பேப்பரை எழுதியவர் என்று முதலாவதாகப் பெயர் போட ஒரு விலை, இரண்டாவதுக்கு ஒரு விலை, இதழோடு தொடர்புகொள்ளும் கரஸ்பாண்டிங் ஆதர் என்றால் தனி ரேட். "உங்க பேப்பர்ல இன்னும் ரெண்டு பேரு சேத்திக்கலாமுங்க சார். ஆளு நாங்க பாத்துக்கறோம், உங்க செலவு அதுலயே போயிருமுங்க." ஆம்னி பஸ்ஸில் சீட் போடுவது போலத்தான் பேசினார். ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளதற்கெல்லாம் பொறுப்பு: இந்த நான்கும் இருந்தால்தான் பெயர் என்கிறது மருத்துவ இதழாசிரியர்களின் ஐசிஎம்ஜேஇ விதி. ஜீபே அதில் வராது.

அப்புறம் "ரிவியூவரையும் நாங்களே குடுத்துருவோமுங்க" என்றார். சில இதழ்கள் மதிப்பாய்வாளர் பெயரை நம்மிடமே கேட்கும். அந்தக் கட்டத்தில் உண்மையான ஒரு பேராசிரியர் பெயரைப் போட்டு, தாங்களே திறந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிடுவார்கள். இதழ் அனுப்பும் பேப்பர் காந்திபுரத்துக்கே திரும்பி வந்து, இங்கேயே 'பிரமாதம்' வாங்கிக்கொண்டு போகும். இந்த மாதிரிப் போலி மதிப்பாய்வுக்காகத்தான் 2015 மார்ச்சில் பயோமெட் சென்ட்ரல் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகம் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அப்படி ஆனால் கடைக்காரருக்கு என்ன போச்சு? பேர் கெடுவது பையனுக்கு.

சுவரில் யூஜிசி கேர் பட்டியல், அதாவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல், ஒட்டியிருக்கிறது. அதை யூஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டாயிற்று. அவர் காட்டிய இதழை அங்கேயே போனில் தேடினேன். ஸ்கோபஸ் அதை எடுப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. ஸ்கோபஸ் நிறுத்திய இதழ்களின் பட்டியலைப் பார்க்கக் காசு வேண்டாம், நீங்களும் பார்க்கலாம்.

பிஎச்.டி.க்குப் பேப்பர் கட்டாயம் என்பதை யூஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் விட்டால்தானே! அதனால்தான் இந்தக் கடைப் படிக்கட்டில் எப்போதும் செருப்புக் குவியல்.

அந்த அம்மாவுக்காக இரண்டு நட்சத்திரம். தனியாகக் கடை போட்டாரென்றால் நாலு தருவேன். திருத்தம் மட்டும் போதும் என்பவர்கள் மதியத்துக்குள் போங்கள், நாலு மணிக்கு அவர் கிளம்பிவிடுகிறார். பேப்பர் ஃபைலை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.