திருகோணமலையில் தடிச்சுவர் ஓட்டு வீடு: வாங்குமுன் பார்த்ததும் இருந்து கண்டதும்

கச்சான் என்கிற சூடான வறண்ட மேல்காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில், இரவு ஒன்பது மணிக்குப் போய் மேற்குப்பக்க அறைக்குள் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பழைய தடிச்சுவர் வீடு வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தரகர்மார் காலையில்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். காலையில் எந்தப் பழைய வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் பின்னேர வெயிலை வாங்கி வைத்திருந்து, ஆறேழு மணித்தியாலம் கழித்து, நாம் படுக்கப் போகிற நேரத்தில் அறைக்குள் விடும்.

உவர்மலைப் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் கள்ளிக்கோட்டை ஓடு, சுண்ணாம்புச் சாந்து, பின்னால் சேர்த்த குசினிக்கு அஸ்பெஸ்டஸ் ஷீட். அட்வான்ஸ் கொடுக்க முன்னமே ஓடாவியையும் மேசனையும் கூட்டிப்போய்ச் செலவுக் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம். உறுதி எழுதின பிறகு அப்படிப் பேச இடமில்லை.

முதல் காசைக் கூரைக்குப் போடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நமக்குச் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அந்த நேரத்து வெயில் முழுக்கக் கூரைக்குத்தான். ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள் அடித்தோம், பளபளப்பான பக்கம் கீழே பார்க்க. மேலே பார்த்தால் தூசி படிந்து பலன் போய்விடும். தாளுக்குக் கீழே காற்றுவெளி கட்டாயம் வேண்டும். எதிலாவது ஒட்டிக்கிடந்தால் அது வெறும் உலோகம், சூட்டைக் கடத்தும். சீலிங்குக்கு மேல் இரண்டு அங்குல றெஜிபோம், அதாவது பொருட்களைப் பொதிசெய்ய வரும் வெள்ளை நுரைப் பலகை, பரப்பினோம். ஒரு அங்குல றெஜிபோம் தடுக்கிற சூட்டைச் செங்கல்லால் தடுக்க ஒன்றரை அடிக்கு மேல் சுவர் கட்டவேண்டும். ஆனால் றெஜிபோம் தீப்பிடிக்கும் பொருள், ஆகவே வயர் எல்லாவற்றையும் குழாய்க்குள் விடச் சொன்னோம். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுத் துவாரம், அதற்கு வலை.

ஆறேழு வருடமாகிறது. தாள் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. றெஜிபோமில் ஒரு மூலையை எறும்பு குடைந்துவிட்டது, அந்தத் துண்டை மட்டும் மாற்றினோம். முன்பு மத்தியானத்தில் விறாந்தைக்கு ஓடிவந்த அம்மா இப்போது நடு அறையிலேயே நித்திரை கொள்கிறா. என்னைக் கேட்டால், போட்ட காசு அதிலேயே வந்துவிட்டது.

குசினி ஷீட்டை வெட்டவோ துளைக்கவோ விடவில்லை. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கீழே தனியாகச் சட்டம் கட்டி சீலிங் அடித்ததோடு சரி.

சுவர் விஷயத்தில்தான் நிறையப் பேருடன் வாக்குவாதப்பட வேண்டியிருந்தது. "தம்பி, பழைய பூச்சை முழுக்கக் கொத்திப்போட்டுச் சிமெந்து பூசுவம், நூறு வருஷத்துக்கு நிக்கும்" என்றார் முதலில் வந்த மேசன். நான் மறுத்தேன். நம் பக்கம் வருட மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். அப்போது நிலத்தாலும் சுவராலும் ஏறுகிற ஈரம் மாசி, பங்குனியில் வெளியே உலரவேண்டும். சுண்ணாம்பு அதற்கு விடும், சிமெந்து விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் கடற்கரை உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு முதியவரைத் தேடிப் பிடித்து, உதிர்ந்த இடத்தை மட்டும் பூசினோம். லண்டனில் நூறு வருடம் தாண்டிய செங்கல் வீடு வாங்கிய என் மச்சானுக்குக் கவலை நேர் எதிர், ஹீட்டர் சூடு சுவரால் வெளியே போகிறது என்று. ஆனாலும் உட்சுவருக்கு ஈரம் உலரவிடுகிற மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சுமே அவரும் தேர்ந்தெடுத்தார்.

மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் உதவாது, பின்னேர வெயில் சரிந்து அதற்குக் கீழால் வரும். பந்தல் போட்டு பாஷன் புரூட் கொடி ஏற்றினோம், அது மூடும்வரை கிடுகுத் தட்டி கட்டினோம். ஏசி பூட்டுவதானால் இவ்வளவும் முடித்துவிட்டுப் பூட்டுங்கள். வெயில் ஏறிய தடிச்சுவர் அறையில் ஏசி முதலில் சுவரைத்தான் குளிராக்கவேண்டும். அதற்குப் பெரிய மெஷினும் வேண்டும், கரண்ட் பில்லும் அதற்கேற்ப வரும்.